புள்ளிக் கோப்புகளின் தோற்றம்: ராப் பைக்கின் கொள்கை பற்றி ஒரு மறு ஆராய்ச்சி

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு நிரல், அது பத்து வரி ஷெல் ஸ்கிரிப்டாயினும் சரி, பல்லாயிரம் வரிகொண்ட தொகுப்பியாயினும் சரி, தன் காரியத்தை முடித்து மறையும்போது, தன்னை ஏவிய நிரலுக்கு ஒரு சிறு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவதன்றி, தன் நினைவில் கொண்டிருந்தவற்றுள் எதனையும் பின்னால் வைத்துச் செல்வதில்லை. ஆகவே நேற்று எதுவரையில் படித்தோம், யாருக்கு மறுமொழி விடுத்தோம், எந்த வேலையை எந்நாளில் முடித்தோம் என்னும் செய்திகள் மறுமுறை ஓடும்போது அதற்குத் தெரியவேண்டுமானால், அவை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஏபிஎல் மொழிக்காரர்கள் தம் பணிவெளியை முழுமையாகச் சேமித்து வைத்து மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தனர். ஸ்மால்டாக் நினைவகம் முழுவதையும் ஒரு பிம்பமாக வட்டில் இறக்கிவைத்தது. யூனிக்ஸ் அவ்வழியை மேற்கொள்ளாமையால், நிலையைக் காத்தல் என்னும் பொறுப்பு ஒவ்வொரு நிரலின் தலையிலும் தனித்தனியே விழுந்தது. அந்நிரல்கள் பெரும்பாலும் பயனரின் ஹோம் அடைவில், பெயரின் முதலெழுத்தாகப் புள்ளியைக்கொண்ட கோப்புகளில் தம் நினைவை எழுதி வைத்தன. இச்சம்பிரதாயம் எங்ஙனம் தோன்றியது என்பதே நம் விசாரணைக்குரிய விஷயம்.

இவ்விஷயத்தில் இன்று யாவராலும் எடுத்துக்காட்டப்படும் அபிப்பிராயம் ராப் பைக் 2012-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பினின்றும் வந்தது. பைக் சாமானியரல்லர், 1980-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்து, கென் தாம்சனுடனும் டென்னிஸ் ரிச்சியுடனும் அருகிருந்து பணிபுரிந்தவர், பிளான் 9 இயங்குதளத்தையும் யூடிஎஃப்-8 குறிமுறையையும் படைத்தவருள் ஒருவர். அவர் கூறுவதன் சாரம் இது: கோப்பு முறைமை வகுக்கப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அடைவிலும் அதனையே குறிக்கும் ஒற்றைப்புள்ளியும், அதன் தாய் அடைவைக் குறிக்கும் இரட்டைப்புள்ளியும் பதிவுகளாக ஏற்பட்டன; எல்எஸ் கட்டளை பட்டியலிடும்போது இவ்விரண்டும் ஒவ்வொரு முறையும் வந்து நின்றமையால், தாம்சனோ ரிச்சியோ அவற்றை விலக்குவதற்கு ஒரு சோதனையைச் சேர்த்தார்; ஆனால் பெயர் முழுவதையும் ஒப்பிடாமல் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் குறுக்குவழியை அச்சோதனை கைக்கொண்டது; அதன் பயனாகப் புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குப் படாமல் போயிற்று; அதுகண்ட பிறர் தத்தம் நிரல்களின் அமைப்புக் கோப்புகளையெல்லாம் அம்மறைவில் கொண்டுபோய் வைத்தனர். மறைகோப்பு என்னும் கருத்தே எவரும் எண்ணாமல் விளைந்த விளைவு என்றும், அது ஒரு தவறு என்றும் பைக் தீர்ப்பளிக்கிறார். அக்கோப்புகள் ஹோம் அடைவுக்குள் தனியானதோர் அடைவில் இருந்திருக்கலாம் என்பதும், அவ்வொரு வரிக் குறுக்குவழியால் நாற்பதாண்டுகளாகப் பிழைகளும் வீண்வேலையும் பெருகின என்பதும் அவர் முடிவு.

இதனைப் பிறகு எழுதியவர் அனைவரும் அப்படியே திருப்பிச் சொல்லுகின்றனர். ஆயினும் அக்குறிப்பு ஒன்றுக்கொன்று வேறான மூன்று கூற்றுக்களை ஒரே மூச்சில் பேசுகிறது: சோதனை அவசரத்தால் அகலமாய் அமைந்தது என்பது ஒன்று, மறைவு என்னும் வழக்கம் அதிலிருந்து தானாகவே பிறந்தது என்பது மற்றொன்று, பிற்காலத்துக் குழப்பங்களுக்கு அம்மறைவே காரணம் என்பது மூன்றாவது. முதற்கூற்றை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. இரண்டாவதற்கு விரோதமான சாட்சி மூலநிரலிலேயே உள்ளது. மூன்றாவது, நான் அறிந்த மட்டில், காரணத்தை இடம் மாற்றி வைப்பதாகும்.

முதலில் காலம் பற்றி ஒரு சொல். இரட்டைப்புள்ளி ‘இரண்டாம் பதிப்பு’ மறுபடைப்பின்போது வந்தது என்று தாம் நம்புவதாகவும், அது நிச்சயமில்லை என்றும் பைக் அடக்கத்துடன் எழுதுகிறார். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட முதற்பதிப்புக் கையேட்டிலேயே எல்எஸ் கட்டளைக்கு ‘ஏ’ என்னும் தெரிவு காணப்படுகிறது. புள்ளியில் தொடங்கும் கோப்புகள் வழக்கமாகப் பட்டியலில் வாரா, இத்தெரிவைக் கொடுத்தால் வரும் என்பது அதன் விளக்கம். எனவே பைக் கருதுவது 1972-ஆம் ஆண்டுக் கையேட்டின் இரண்டாம் பதிப்பாயின் அது பொருந்தாது. பிடிபி-7 பொறியிலிருந்து பிடிபி-11 பொறிக்கு மாற்றி எழுதியதையே அவ்வாறு குறித்தார் எனக் கொண்டால் பொருந்தும். பிடிபி-7 பொறியில் பாதைப் பெயர்களே இருக்கவில்லை என்று ரிச்சி தம் வரலாற்றுக் கட்டுரையில் எழுதியிருப்பதும் இதற்கு இசைவானதே. சோதனை நுழைந்தது அம்மாற்றத்துக்கும் முதற்பதிப்புக் கையேட்டுக்கும் இடைப்பட்ட காலம் என்பதற்கு மேல் நுணுக்கமாக நிர்ணயிக்க இயலவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது: கையேட்டின் முதற்பதிப்பே ‘ஒற்றைப்புள்ளியும் இரட்டைப்புள்ளியும்’ என்று கூறாமல், ‘புள்ளியில் தொடங்குவன’ என்று பொதுப்படக் கூறுகிறது. தவறுதலாக அகன்றதொரு சோதனையாயினும், அதன் அகலம் இன்னதென்று அறிந்தே அன்று எழுதி வைத்திருக்கின்றனர்.

இனி முக்கியமான சான்றுக்கு வருவோம். 1979 ஜனவரியில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் எல்எஸ் மூலநிரலில், அடைவைப் படிக்கும் பகுதியில், ஒரு நிபந்தனை நான்கு வரிகளில் விரிந்து கிடக்கிறது. பதிவின் ஐநோடு எண் பூஜ்யமாக இருந்தால் அப்பதிவை விடு. அல்லது ‘ஏ’ தெரிவு இல்லாதிருந்து, பெயரின் முதலெழுத்து புள்ளியாக இருந்து, அத்துடன் இரண்டாம் இடத்தில் பெயர் முடிந்துவிட்டாலோ, இரண்டாம் எழுத்தும் புள்ளியாகி மூன்றாம் இடத்தில் பெயர் முடிந்துவிட்டாலோ, அதனையும் விடு. அதாவது, விலக்கப்படுவன அவ்விரண்டு பதிவுகள் மட்டுமே! ஆறாம் பதிப்பில் முதலெழுத்தை மட்டும் பார்த்த சோதனை இங்கே பைக் ‘இவ்வாறு இருந்திருக்க வேண்டும்’ என்று 2012-இல் எடுத்துரைத்த வடிவத்தையே அடைந்துவிட்டது. இது தற்செயலான மாறுதலன்று என்பதற்குக் கையேடே சாட்சி: ஆறாம் பதிப்பில் ‘புள்ளியில் தொடங்குவன வழக்கமாக விலக்கப்படும்’ என்றிருந்த வாசகம், ஏழாம் பதிப்பில் அவ்விரு பெயர்களை மட்டுமே குறிப்பதாகத் திருத்தப்பட்டிருக்கிறது. நிரலும் உரையும் ஒருங்கே மாறியிருப்பது, திருத்தியவர் தாம் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தார் என்பதைக் காட்டும்.

ஆக, பைக் குறிப்பிடும் தவறு அவர் ஆய்வகத்தில் சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே அந்த ஆய்வகத்திலேயே திருத்தப்பட்டுவிட்டது. அத்துடன், அதே ஏழாம் பதிப்பில்தான் ஸ்டீபன் போர்னின் ஷெல், பயனர் உள்நுழையும்போது ஹோம் அடைவிலுள்ள ‘.புரொஃபைல்’ என்னும் கோப்பைப் படித்து நிறைவேற்றும் வழக்கத்துடன் வெளிவந்தது. ஏழாம் பதிப்புப் பயனர் ஒருவர் தம் ஹோம் அடைவில் எல்எஸ் என்று தட்டினால், ‘.புரொஃபைல்’ அவர் கண்முன்னே வந்து நின்றது. அது மறைகோப்பே அன்று. மறைக்கப்படாத ஒரு கோப்புக்குப் புள்ளியிட்டுப் பெயர் வைத்தது ஏன்? மறைவிலிருந்து வழக்கம் பிறந்தது என்னும் கொள்கை இவ்வினாவின் முன் நிற்பது அரிது.

விடை, என் அபிப்பிராயத்தில், எல்எஸ் கட்டளையில் இல்லை, ஷெல்லில் உள்ளது. போர்ன் ஷெல்லில் நட்சத்திரக்குறி எந்தப் பெயரோடும் பொருந்தும். ஆனால் பெயரின் தொடக்கத்தில் வரும் புள்ளியோடு அது பொருந்தாது, அப்புள்ளியை வெளிப்படையாக எழுதினாலன்றி. இவ்விதி அப்பதிப்பின் கையேட்டில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. போர்ன் தமக்கேயுரிய ஆல்கால் சாயலில் எழுதிய மூலநிரலிலும் முதலெழுத்துச் சோதனை அகலமான வடிவிலேயே நிற்கிறது. ஆகவே ஒரே பதிப்புக்குள் இருவேறு நியாயங்கள் அருகருகே வாழ்ந்தன: பட்டியலிடும் கட்டளை இரண்டு பெயர்களை மட்டும் விலக்கிற்று, பெயர்களை விரிக்கும் ஷெல்லோ புள்ளியில் தொடங்கும் அனைத்தையும் விலக்கிற்று. இதன் நடைமுறைப் பலன் யாதெனில், ஹோம் அடைவைத் துப்புரவு செய்ய எண்ணி ஒருவர் அழிக்கும் கட்டளையுடன் நட்சத்திரக்குறியைக் கொடுத்தால், அவர் எழுதிய கடிதங்களும் நிரல்களும் போகும், ‘.புரொஃபைல்’ மட்டும் எஞ்சி நிற்கும். புள்ளி அங்கே திரையாகப் பயன்படவில்லை, வேலியாகவே பயன்பட்டது. பயனர் தம் கையால் உருவாக்கிய ஆவணங்களோடு சேர்த்து அள்ளப்படாமல், அழிக்கப்படாமல், நகலெடுக்கப்படாமல், ஒரு நிரலின் உடைமையாக நிலைத்திருக்கவேண்டிய கோப்புக்கு அதுவே தக்க காப்பு.

இதனோடு மற்றொரு காரணமும் சேர்த்து எண்ணத்தக்கது. சூழல் மாறிகள் எனப்படுபவை ஏழாம் பதிப்பில்தான் வந்தன. ஒரு நிரல் மற்றொன்றை ஏவும்போது, கட்டளை வரியோடுகூடப் பெயரும் மதிப்புமான ஒரு பட்டியலையும் கெர்னல் வழியே கொடுத்தனுப்பும் ஏற்பாடு அது. ஹோம் என்னும் மாறி அப்பட்டியலில் ஒன்று. அதற்குமுன் பயனரின் ஹோம் அடைவு எங்கே என்பதை அறியவேண்டிய நிரல் கடவுச்சொல் கோப்பைத் திறந்து தேடவேண்டியிருந்தது. அதற்குப்பின், மிகச் சிறிய ஸ்கிரிப்டுக்கும் அது ஒரு டாலர்க்குறியும் நான்கு எழுத்துக்களும் என்றாயிற்று. முதற்பதிப்பிலிருந்தே ஏழாண்டுகளாகப் புள்ளிப் பெயர்கள் பட்டியலில் மறைந்திருந்தும், மறைவே காரணமாயின் அவ்வேழாண்டுகளில் பெருகியிருக்கவேண்டிய கோப்புகள், 1979-க்குப் பின்னரன்றோ பெருகின? அவ்வாண்டிலேயே பெர்க்லியில் பில் ஜாய் படைத்த சி-ஷெல் ‘.சிஷ்ஆர்சி’, ‘.லாகின்’ என்பவற்றை எதிர்பார்த்தது. ஈஎக்ஸ் தொகுப்பி ‘.ஈஎக்ஸ்ஆர்சி’யைத் தேடிற்று. பிறகு வந்த நிரல்கள் இவற்றைப் பார்த்தே தம் வழக்கத்தை அமைத்துக்கொண்டன.

மறைவு திரும்பி வந்த கதையையும் இங்கே சொல்லவேண்டும். ஏனெனில் ஏழாம் பதிப்பின் குறுகிய சோதனை நிலைக்கவில்லை. 1983-இல் வெளிவந்த பெர்க்லியின் 4.2பிஎஸ்டி கையேடு, ‘ஏ’ தெரிவு இல்லாவிடில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அனைத்தும் பட்டியலில் வாரா என்று மீண்டும் கூறுகிறது; ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் மரபும் அதனையே கொண்டது. பெர்க்லியினர் ஆறாம் பதிப்பில் பழகியவர்கள், ஆகையால் பழைய பழக்கத்தை விடாது காத்தனர், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்று பைக்கின் கட்சியினர் வாதிக்கக்கூடும். இவ்வாதத்தை முற்றும் மறுக்கத்தக்க நேர்ச்சான்று அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வாக்ஸ் பொறிக்குரிய பெர்க்லி யூனிக்ஸ் 32வி என்பதன் வழியாக ஏழாம் பதிப்பினின்றே கிளைத்தது. குறுகிய சோதனையைக் கொண்ட மூலநிரல் அவர்கள் கையில் இருந்தது. கையிலிருந்த சரியான வடிவத்தை விட்டு அகன்ற வடிவத்தை மேற்கொள்பவர், பழக்கத்தால் இழுக்கப்பட்டிருந்தாலும், தெரிந்தே தேர்ந்தவராகிறார். அதற்கு வலுவூட்டுவது பெர்க்லி மரபில் பின்னர்ச் சேர்ந்த பெரிய ‘ஏ’ தெரிவு: ஒற்றைப்புள்ளியும் இரட்டைப்புள்ளியும் நீங்க, ஏனைய புள்ளிக் கோப்புகள் யாவற்றையும் அது காட்டும், முதன்மைப் பயனருக்கு அது கேளாமலே இயங்கும். அமைப்பைக் காக்கும் பொறுப்புடையவர் அனைத்தையும் காணவேண்டும், பிறர் தம் வேலைக்குரியதைக் கண்டால் போதும் என்று பகுத்துப் பார்த்தவர்கள், மறைவை விபத்தாகப் பெற்றவர்கள் அல்லர். இரு பெயர்களுக்கும் ஏனைய பெயர்களுக்கும் உள்ள வேற்றுமையை, எந்த வேற்றுமையைக் காணத் தவறியதே பிழை என்று பைக் சொல்கிறாரோ அதனை, அவர்கள் தனித்தெரிவாகவே எழுதி வைத்தனர்.

இனி மூன்றாம் கூற்று. பைக் பேசுவதெல்லாம் அமைப்புக் கோப்பு, அதாவது பயனர் எழுதி நிரல் படிப்பது. நிரல் தானே எழுதித் தானே மறுமுறை படிக்கும் நிலைக்கோப்பை அவர் குறிப்பு தொடவேயில்லை. யூஸ்நெட் செய்திகளைப் படிக்கும் நிரல்கள் பயன்படுத்திய ‘.நியூஸ்ஆர்சி’ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதில் ஒரு செய்திக்குழுவுக்கு ஒரு வரி. குழுவின் பெயரையடுத்து முக்காற்புள்ளி இருந்தால் பயனர் அதற்குச் சந்தாதாரர், வியப்புக்குறி இருந்தால் விலகியவர். அதன்பின் படித்து முடித்த செய்திகளின் எண்கள், தொடர்ச்சியானவை வீச்சுக்களாகவும் இடையிட்டவை காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டும் எழுதப்பட்டிருக்கும். எக்குழுவைப் படிக்கவேண்டும் என்பது பயனரின் விருப்பம். எதுவரை படித்தாயிற்று என்பது நிரலின் நினைவு. இரண்டும் ஒரே வரியில்! பயனர் அக்கோப்பைத் தொகுப்பியில் திறந்து குழுக்களின் வரிசையை மாற்றுவார். அதே வேளையில் செய்திநிரல் முடிவடையும்போது தன்னிடமிருந்த பிரதியை அதன்மேல் எழுதிவிடும். லாரி வால் 1984-இல் வெளியிட்ட ஆர்என் நிரல் இத்தொல்லைக்கு ஈடுகொடுக்க, பழைய பிரதியை ‘.ஓல்டுநியூஸ்ஆர்சி’ என்று வைத்தது. இரண்டு முறை ஒருங்கே ஓடாதபடி ‘.ஆர்என்லாக்’ என்னும் பூட்டுக்கோப்பை இட்டது. சென்ற ஓட்டத்தின் விவரங்களை ‘.ஆர்என்லாஸ்ட்’ என்பதில் தனியே பதிந்தது. இத்தொல்லைகளுள் எதுவும் கோப்பு மறைந்திருந்ததால் வந்ததன்று. பைக் சொல்லும் தனி அடைவுக்குள் இதனைக் கொண்டுவைத்திருந்தாலும் அணுவளவும் குறைந்திராது. இரு கைகள் ஒரே கோப்பில் எழுதியதே தோஷம்.

எரிக் ஆல்மன் எழுதிய, 1983-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை தாங்கிய வெகேஷன் நிரல் இதற்கு நேர்மாறான உதாரணம். விடுப்பில் சென்றவருக்கு வரும் ஒவ்வொரு மடலுக்கும் அந்நிரல் புதிதாக ஏவப்பட்டு, மறுமொழி விடுத்து, முடிந்துபோகும். ஆயினும் ஒரே ஆளுக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை மறுமொழி போகலாகாது. ஓட்டங்களுக்கிடையே நினைவு இன்றியமையாது வேண்டப்படும் பிரச்சினை இதைவிடத் தூய வடிவில் காண்பது அரிது. ஆல்மன் மறுமொழியின் வாசகத்தை ‘.வெகேஷன்.எம்எஸ்ஜி’ என்னும் கோப்பில் பயனர் எழுதும்படி விட்டார். யாருக்கு எப்போது விடுத்தோம் என்னும் கணக்கை, ஏழாம் பதிப்போடு வந்த தாம்சனின் டிபிஎம் நூலகத்தைக்கொண்டு ‘.வெகேஷன்.பேக்’, ‘.வெகேஷன்.டிர்’ என்னும் இரு கோப்புகளில் நிரலே பேணிற்று. கணக்கைப் புதிதாகத் தொடங்க ஒரு தனித்தெரிவும் இருந்தது. மூன்றும் புள்ளிக் கோப்புகளே, மூன்றும் ஹோம் அடைவிலேயே இருந்தன. ஆனால் பயனரின் கையும் நிரலின் கையும் கலக்கவில்லை.

எழுதும் முறையைப் பற்றியும் சிறிது சொல்லலாம். ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு நிலையைக் கோப்பில் எழுத வெளியீட்டைத் திசைதிருப்பும்போது, ஷெல் முதலில் அக்கோப்பை வெறுமையாக்கிவிட்டுப் பிறகே கட்டளையை ஓட்டும். இடையில் பொறி நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் எழுதிப் பெயர்மாற்றுதலே உபாயம். ஏழாம் பதிப்பில் அப்பெயர்மாற்றமும் பழையதை நீக்கிப் புதியதை இணைக்கும் இரு செயல்களாயிருந்தமையால் அங்கும் ஓர் இடைவெளி இருந்தது. 4.2பிஎஸ்டி தந்த ‘ரீநேம்’ என்னும் கெர்னல் அழைப்பே அதை ஒரே செயலாக்கிற்று. நிலைக்கோப்பின் சரித்திரத்தில் இவ்வழைப்பு எல்எஸ் சோதனையைவிடப் பன்மடங்கு முக்கியம் பெறத்தக்கது.

பைக்கின் மாற்று யோசனை வெறும் யோசனையன்று; பிளான் 9-இல் அது நடைமுறையானது. அங்கே ஒற்றைப்புள்ளியும் இரட்டைப்புள்ளியும் அடைவில் பதிவுகளாக இல்லை. எல்எஸ் எதையும் மறைப்பதில்லை. பயனரின் புரொஃபைல் ஹோம் அடைவுக்குள் ‘லிப்’ என்னும் அடைவில் புள்ளியின்றி இருக்கிறது. அமைப்புக் கோப்புகளைப் பொறுத்தமட்டில் இது அழகிய தீர்வு. ஆனால் நிலைக்கோப்பு? பைக் தாமே படைத்த ஆக்மி தொகுப்பியில் டம்ப் என்னும் கட்டளை உண்டு. திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தின் நிலையையும் அது ஒரு கோப்பில் எழுதும். மறுமுறை ஆக்மியை ஏவும்போது அதைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெயர் ஏதும் சொல்லாவிடில் அக்கோப்பு எங்கே எழுதப்படுகிறது? ‘லிப்’ அடைவுக்குள் அன்று. ஹோம் அடைவின் தலைவாயிலிலேயே, ‘ஆக்மி.டம்ப்’ என்னும் பெயரில். பெரியவரொருவரின் படைப்பில் குற்றங்காண்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பயனர் எழுதுவதற்கு ஓர் இடம் வகுத்தவர், நிரல் எழுதுவதற்கு இடம் வகுக்கவில்லை என்பதும், அவ்விடைவெளி புள்ளியை நீக்கியதால் அடைபடவில்லை என்பதும் இதனால் பெறப்படும்.

அவ்விடம் பெயர் பெற நெடுங்காலம் சென்றது. அமைப்பு முழுவதற்கும் பொதுவான நிரல்களுக்கு ‘வார்’ அடைவின்கீழ் ‘லிப்’ என்னும் இடம் லினக்ஸ் கோப்பு முறைமைத் தரங்களில் குறிக்கப்பட்டது. அனக்ரான் போன்றவை ஒவ்வொரு வேலையும் கடைசியாக ஓடிய தேதியை ‘வார்’ அடைவின்கீழ் ‘ஸ்பூல்’ பகுதியில் எழுதி வைத்தன. பயனருக்குரிய நிரல்களுக்கோ, எக்ஸ்டிஜி அடிப்படை அடைவு விவரக்குறிப்பு அமைப்பு, தரவு, தற்காலிகச் சேமிப்பு என்று மூன்று இடங்களை முதலில் வகுத்தது. நிரல்களின் கட்டளை வரலாறு, அண்மையில் திறந்த கோப்புகள், மீட்டெடுப்புக் குறிப்புகள் ஆகியவை அம்மூன்றனுள் எதிலும் செவ்வனே அடங்கவில்லை. மறுமுறை ஓடும்போது இருக்கவேண்டும், ஆனால் வேறு பொறிக்கு எடுத்துச்செல்லும் அளவுக்கு முக்கியமன்று என்று பகுக்கப்பட்ட நிலை என்னும் நான்காம் வகை 2021-இல் வந்த 0.8 பதிப்பில்தான் சேர்ந்தது, ‘.லோக்கல்’ அடைவுக்குள் ‘ஸ்டேட்’ என்பது அதன் இருப்பிடம். அவ்வடைவின் பெயரும் புள்ளியிலேயே தொடங்குகிறது என்பதைப் பைக்கின் கட்சியினர் சுட்டிக்காட்டுவர். பாஷ் ஷெல் தன் வரலாற்றை வேறிடம் சொல்லாவிடில் இன்றும் ஹோம் அடைவிலுள்ள ‘.பாஷ்_ஹிஸ்டரி’யிலேயே எழுதுகிறது, இரு சாளரங்களில் ஓடிய இரண்டு ஷெல்கள் முடிவடையும்போது, சேர்த்தெழுதும் தெரிவு இடப்படாவிடில், பின்னர் முடிந்தது எழுதியதே பெரும்பாலும் எஞ்சுகிறது.